எட்டாவது எபிசோடு வரைக்கும் செத்தவர்

கொலைகாரக் குடும்பம் என்று பெயர் வாங்க நெய்வேலியில் பெரிய தகுதி எதுவும் தேவைப்படவில்லை. ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டால் போதும்.

செங்குட்டுவன் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. அதே பஸ்ஸில் வரும் குஞ்சிதபாதம் முதல் நிறுத்தத்திலேயே ஏறி, பின்னால் ஏறப்போகும் சேக்காளிகளுக்காக ஒரு இருக்கையில் துண்டு, ஒன்றில் டிபன் பை, ஒன்றில் ஹெல்மெட் என்று போட்டுவைப்பவர். ஒரு நாள் செங்குட்டுவன் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தார். வாய்ச்சண்டை முற்றியபோது, "இன்னொரு தபா துண்டு போட்டேன்னா, துண்டோட சேத்து உன்னப் பொதைச்சிருவேன்" என்றார். பஸ் முழுக்கக் கேட்டது.

அந்த வாரமே குஞ்சிதபாதம் காணாமல் போனார். அவருடைய மோட்டார் சைக்கிள் குள்ளஞ்சாவடி போகும் வழியில் ஒரு முந்திரித் தோப்பில் சாய்ந்து கிடந்தது.

"தனி ஆளால குழி வெட்டி மூட முடியாது" என்று வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் யோசித்தார். "பொண்டாட்டி மண்வெட்டி புடிச்சிருக்கணும். பொண்ணு டார்ச் அடிச்சிருக்கணும்."

இப்படியாகச் செங்குட்டுவன் முதல் குற்றவாளி ஆனார். அவர் மனைவி அன்புக்கரசி இரண்டாவது. கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த மகள் இசைப்பிரியா மூன்றாவது. குழியும் கிடைக்கவில்லை, பிணமும் கிடைக்கவில்லை. அதனால் வழக்கு பலவீனப்படும் என்று நினைப்பவர்களுக்குச் சட்டம் தெரியாது. 'தடயமே இல்லாமல் செய்து முடித்திருப்பதிலிருந்தே இவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பது புலனாகிறது' என்று குற்றப்பத்திரிகையில் எழுதியிருந்தார்கள்.

சிறையில் சில மாதங்கள் இருந்துவிட்டு மூவரும் ஜாமீனில் வந்தார்கள். செங்குட்டுவன் சஸ்பென்ஷனில் இருந்தார். இசைப்பிரியாவிடம் கல்லூரியில், "கேஸு முடிஞ்சதும் வாம்மா" என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பக்கத்து குவார்ட்டர்ஸ் ராஜாம்பாள், நேற்றுவரை கறிவேப்பிலைக்குக் கை நீட்டியவள், அன்புக்கரசியின் தலை தெரிந்தால் கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.

அந்த நேரத்தில்தான் சத்தியக்கண் வந்தது.

சத்தியக்கண் சென்னையில் உள்ள ஒரு நிறுவனம். நிஜக் குற்றங்களை ஆவணப்படமாக எடுத்து, செல்போனில் பார்ப்பவர்களுக்கு எபிசோடு எபிசோடாகக் கொடுப்பது அதன் தொழில். தொழில் என்று அவர்கள் முன்னால் சொல்லக் கூடாது. தவம் என்று சொல்ல வேண்டும். இயக்குநர் பிரவின்குமார் கறுப்புச் சட்டையும் நாலு நாள் தாடியுமாக, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கோயிலுக்குள் நுழைவதுபோல வந்தார். கூடவே தமிழ்நிலா என்ற பெண். 'உண்மைச் சரிபார்ப்பு அலுவலர்' என்று கழுத்தில் அட்டை தொங்கியது. வந்தவர்கள் எல்லாரும் ஹாலில் வரிசையாக நின்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அன்புக்கரசி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "இன்னா சார், யாராச்சும் செத்துட்டாங்களா?"

"உண்மைக்கு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி, மேடம். ஒவ்வொரு ஷூட்டிங்குக்கு முன்னாடியும் செய்வோம்" என்றார் பிரவின்குமார்.

செத்தவர்களுக்குத்தானே அஞ்சலி செய்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பெரிய இடத்து வழக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அஞ்சலி முடிந்ததும் பிரவின்குமார் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "நாங்க தீர்ப்பு சொல்றவங்க இல்ல மேடம். நீங்க கொலை பண்ணீங்களா இல்லையாங்கறதுல எங்களுக்குத் துளிகூட அக்கறை கிடையாது. அவ்வளவு நடுநிலை. எங்களுக்கு வேண்டியது உங்க வலி மட்டும்தான். அது நல்ல வெளிச்சத்துல, க்ளோஸ்-அப்புல வேணும்."

வக்கீல் சங்கீதா, "யோசிச்சுப் பண்ணுங்கக்கா" என்றாள். செங்குட்டுவன்தான் கேட்கவில்லை. "நம்ம பக்கத்த கேக்கணும்னு இதுவரைக்கும் எவனாவது வந்தானா? இவன் ஒருத்தன்தான் தேடிக்கினு வந்திருக்கான்" என்றார்.

முதலில் ஹாலில் இருந்த ட்யூப் லைட்டைக் கழற்றினார்கள். வீடு ரொம்ப வெளிச்சமாக இருக்கிறதாம். பிறகு சுவரில் இருந்த முருகன் காலண்டரை எடுத்துவிட்டு, அந்த ஆணியில் ஒரு அரிவாளை மாட்டினார்கள்.

"எங்க வூட்ல அரிவாளே கெடையாதுங்களே" என்றாள் அன்புக்கரசி.

தமிழ்நிலா கையில் இருந்த டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தாள். "இருந்திருக்க வாய்ப்பு இருக்குல்லம்மா?"

"வாய்ப்புன்னா... கடையில வாங்கினா இருக்கும்."

"அப்ப சரிபார்த்தாச்சு" என்று டிக் அடித்துக்கொண்டாள்.

அழச் சொன்னார்கள். அன்புக்கரசிக்கு அழுகை வரவில்லை. சிறைக்குள் வைத்தே அதை அழுது தீர்த்துவிட்டிருந்தாள். "நிரபராதின்னா அழுவாங்க மேடம், பார்க்கறவங்க எதிர்பார்ப்பாங்க" என்றார் பிரவின்குமார். மகள் படிப்பு போனதை நினைத்துப் பார்க்கச் சொன்னார். நினைத்தாள், அழுகை வந்தது, பொங்கி வந்தது. பிரவின்குமார் கேமராவை நிறுத்தச் சொன்னார். "இவ்வளவு வேணாம். குற்ற உணர்ச்சி மாதிரி தெரியுது." மறுபடி எடுத்தபோது அளவாக அழுதாள். அளவாக அழுததால், நடிக்கிறாள் என்று தமிழ்நிலா குறித்துக்கொண்டாள்.

கடைசி நாள் தோட்டத்தைப் படம் எடுத்தார்கள். பின்பக்கம் அவள் போட்ட சேனைக்கிழங்குப் பாத்தி. அதைப் பற்றிக் கேட்டதும், இத்தனை நாளில் முதல் முறையாக அன்புக்கரசி கேமராவை மறந்து பேசினாள். "ஆழமா குழி வெட்டணும். அடியில எருவப் போட்டு, கெழங்க உள்ள எறக்கி, மண்ணத் தள்ளி நல்லா மெதிச்சிடணும். அப்புறம் மேலாக்க பாத்தா ஒண்ணுமே தெரியாது!" என்று சொல்லிச் சிரித்தாள். பிரவின்குமார் ஒளிப்பதிவாளரைப் பார்த்தார். ஒளிப்பதிவாளர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். தன் சேனைக்கிழங்கு அவ்வளவு பிடித்துவிட்டதே என்று அன்புக்கரசி ஒரு கிழங்கைத் தோண்டிக் கழுவி, அவர்கள் வண்டியில் வைத்துவிட்டாள்.

ட்ரெய்லர் வெளியான அன்று இசைப்பிரியா செல்போனைக் கொண்டுவந்து நீட்டினாள். இருட்டு வீடு. அரிவாள். ராஜாம்பாள் வந்து, "அந்தம்மா அமைதியா இருக்கும்ங்க. அதான் பயமே" என்றாள். பஸ்ஸில் துண்டு விரிக்கும் குஞ்சிதபாதமாக ஒரு வழுக்கைத் தலை நடிகர். பிறகு இசை நின்றது. அன்புக்கரசியின் முகம் திரை முழுக்க வந்தது. "ஆழமா குழி வெட்டணும்... உள்ள எறக்கி, மண்ணத் தள்ளி நல்லா மெதிச்சிடணும்... மேலாக்க பாத்தா ஒண்ணுமே தெரியாது!" என்று சொல்லிச் சிரித்தாள்.

செங்குட்டுவன் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

மறுநாள் காலையில் வாசல் கேட்டில் சாணி அடித்திருந்தார்கள். இசைப்பிரியா வாளியில் தண்ணீர் எடுத்துப் போய்க் கழுவினாள். எதிர் பிளாக்கிலிருந்து இரண்டு பேர் அதைச் செல்போனில் படம் பிடித்தார்கள். அடுத்த சில நாட்களில் அதைவிடப் பெரிய செய்தி சங்கீதாவிடமிருந்து வந்தது. ட்ரெய்லரை ஆதாரமாகக் காட்டி, மூன்று பேரின் ஜாமீனையும் ரத்து செய்யச் சொல்லிப் போலீஸ் தரப்பில் மனு போட்டிருக்கிறார்கள்.

"மறுபடியும் உள்ளயா?" என்றாள் இசைப்பிரியா. அந்தக் குரலைக் கேட்டபோதுதான் அன்புக்கரசிக்குள் ஏதோ ஒன்று கெட்டிப்பட்டது. இதுவரை அவளுக்குத் துக்கம் இருந்தது, பயம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. அது அவளுக்கு நல்ல தெம்பாக இருந்தது.

சென்னைக்குப் போனாள். சத்தியக்கண் அலுவலகத்தில் முறையீடு கேட்பதற்கென்றே தனி அறை இருந்தது. நிறுவனத்தின் தலைவர் ராமசாமி அங்கே உட்கார்ந்திருந்தார். மேஜையில் 'தலைமை உண்மைக் காவலர்' என்று பெயர்ப்பலகை. இங்கேயும் முதலில் மௌன அஞ்சலி.

"நான் சேனைக்கெழங்கப் பத்திச் சொன்னதுங்க அது" என்றாள் அன்புக்கரசி.

ராமசாமி பொறுமையாகத் தலையாட்டினார். "அந்தச் சொற்கள் உங்கள் வாயிலிருந்து வந்தவைதானே?"

"ஆமா. ஆனா கெழங்குன்னு சொன்னத வெட்டிட்டீங்களே."

"வெட்டவில்லை அம்மா. நாங்கள் எதையும் வெட்டுவதில்லை. தள்ளிவைத்திருக்கிறோம். கிழங்கு ஆறாவது எபிசோடில் வருகிறது. உண்மையை மொத்தமாகக் கொடுத்தால் மக்களுக்குச் செரிக்காது. அவர்களுக்காகத்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறோம். ஐந்தாவது எபிசோடு வரை மக்கள் உங்களை வெறுக்க வேண்டும். ஆறாவதில் குழம்ப வேண்டும். இதில் எங்கள் சுயநலம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?"

"அதுக்குள்ள எங்கள ஜெயில்ல போட்டுடுவாங்களே சார்."

ராமசாமியின் முகம் மலர்ந்தது. "அப்படி நடந்தால் தயவுசெய்து எங்களுக்கு முன்கூட்டியே தகவல் கொடுங்கள். கேமரா அனுப்புகிறோம்."

அன்புக்கரசி கும்பிட்டுவிட்டு எழுந்தாள். லிஃப்ட்டில் இறங்கும்போது பற்களைக் கடித்ததில் தாடை வலித்தது.

ட்ரெய்லரின் முடிவில், குஞ்சிதபாதம் பற்றித் தகவல் தெரிந்தவர்கள் அழைக்கலாம் என்று ஓர் எண் போட்டிருந்தார்கள். அந்த எண்ணுக்குத் திருப்பூரிலிருந்து ஒருவர் அழைத்து, "நான்தாங்க குஞ்சிதபாதம்" என்றார். "உங்களைப் போலப் பல குஞ்சிதபாதங்கள் ஏற்கெனவே அழைத்துவிட்டார்கள். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று வைத்துவிட்டார்கள். அந்த மனிதர் வெறுத்துப் போய்ச் செங்குட்டுவனின் எண்ணைக் கூப்பிட்டார். எடுத்தது அன்புக்கரசி.

"என் வேஷத்துல ஒரு வழுக்கத்தலையனப் போட்டிருக்கானுங்களே, பாத்தியாம்மா? எனக்கு எவ்ளோ முடி! இத யாருகிட்ட கேக்கறது?"

பஸ் நிறுத்தத்தில் சேக்காளிகளைக் கூவிக் கூப்பிடும் அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். குஞ்சிதபாதத்துக்கு வடலூரில் ஒரு வீடு, பண்ருட்டியில் ஒரு வீடு. இந்த வீட்டுக்காரிக்கு அந்த வீட்டுக்காரியைத் தெரிந்துபோன அன்று, வண்டியைத் தோப்பில் போட்டுவிட்டுக் கிடைத்த லாரியில் ஏறியவர்தான். பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குடும்பமே தன்னால் கம்பி எண்ணியது அவருக்குத் தெரியும். அதற்கெல்லாம் வராதவரை அந்த வழுக்கைத் தலை வரவழைத்தது.

"வாங்கண்ணே, நேர்ல வந்து கேளுங்க" என்றாள் அன்புக்கரசி.

ஜாமீன் ரத்து மனு கடலூர் கோர்ட்டில் வருவதற்கு முந்தின நாள், வடலூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் சத்தியக்கண் முதல் எபிசோடைத் திரையிட்டது. திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்த குஞ்சிதபாதத்தை நேராகக் கோர்ட்டுக்கு அழைத்துப் போய்விடலாம் என்றுதான் சங்கீதா சொன்னாள். "நாளைக்குக் காலையில கோர்ட்டு வக்கீலம்மா. இன்னிக்கி மத்தியானம் எனக்கு ஒரு ஆசை இருக்கு" என்றாள் அன்புக்கரசி. குஞ்சிதபாதத்துக்குத் தொப்பியும் முகக்கவசமும் போட்டு நடுவரிசையில் உட்கார வைத்தாள்.

மேடையில் ராமசாமி பேசினார். தோண்டுவதே தங்கள் தவம் என்றார். பிறகு பிரவின்குமார் வந்து கண்களை மூடிக்கொண்டார். "குஞ்சிதபாதம் ஐயாவோட ஆன்மா இப்ப இந்த மண்டபத்துல இருக்கிறத என்னால உணர முடியுது."

"இருக்கேங்க!" என்று குஞ்சிதபாதம் எழுந்து முகக்கவசத்தைக் கழற்றினார். தொப்பியையும் கழற்றி, தலையைக் கோதிக் காட்டினார். "பாருங்க, முடிய பாருங்க!"

பஸ்ஸில் தினமும் அவர் முகத்தில் விழித்தவர்கள் பாதிப் பேர் மண்டபத்தில் இருந்தார்கள். "டேய், துண்டுக்காரன்டா!" என்று ஒருவர் கத்தினார். ராஜாம்பாள் எழுந்து வெளியே ஓடினாள். அன்புக்கரசி அசையாமல் உட்கார்ந்து, பிரவின்குமாரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தானே வந்திருந்தாள்.

ஆனால் அந்த முகம் நினைத்தபடி விழவில்லை. கொஞ்ச நேரத்தில் குஞ்சிதபாதத்தையும் அவளையும் மணமகள் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தமிழ்நிலா அவருடைய ஆதாரை வாங்கிப் பார்த்தாள். "படம் ஒத்துப்போகுது. ஆனா எங்க ஸ்கிரிப்ட்ல இவர் இறந்துட்டார். அத ஏற்கெனவே சரிபார்த்தாச்சு."

"நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்பது உங்கள் தனிப்பட்ட கருத்து. அதை நாங்கள் மதிக்கிறோம்" என்றார் ராமசாமி.

பிரவின்குமார் குஞ்சிதபாதத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எட்டாவது எபிசோடு வரைக்கும் நீங்க செத்தவரு. எங்க கையில பத்திரமா இருப்பீங்க. எட்டாவதுல திரும்பி வர்றீங்க. மழையில, ஸ்லோ மோஷன்ல. அந்த வழுக்கையத் தூக்கிடறோம். நீங்களே நடிங்க."

"நானேவா?" என்றார் குஞ்சிதபாதம். கை தானாகத் தலைமுடிக்குப் போனது.

"அண்ணே, நாளைக்குக் கோர்ட்டு" என்றாள் அன்புக்கரசி.

"அது உன் கேஸும்மா. இது சினிமா" என்றார் அவர்.

புதுச்சேரியில் ஒரு ஹோட்டலில் அவரை வைத்துக்கொள்வதாகப் பேசிக்கொண்டே மூன்று பேரும் அவரைப் பின்வாசல் வழியாகக் காரில் ஏற்றினார்கள். அன்புக்கரசி ஓடிப் போய்க் கார்க் கதவைப் பிடித்தாள். பிரவின்குமார் கண்ணாடியை இறக்கி, "மேடம், ஆறாவதுல உங்களுக்கு நல்லபடியா இருக்கு. பொறுமையா இருங்க" என்றார். கார் கிளம்பிவிட்டது.

அவள் அழவில்லை. சாலையோரத்தில் நின்று, தன் வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டருக்கே போன் போட்டாள்.

"சார், குஞ்சிதபாதத்தக் கார்ல ஏத்திக்கினு பாண்டிச்சேரி போறானுங்க."

"செத்தவன எப்படிம்மா ஏத்திக்கினு போவாங்க?"

"சார், மண்டபமே பாத்திருக்கு. நாளைக்கு எவனாவது அவரக் கோர்ட்டுல கொண்டாந்து நிறுத்தினா, உங்களத்தான் கேள்வி கேப்பாங்க. இப்பவே நீங்க புடிச்சிங்கன்னா, நீங்க கண்டுபுடிச்சதா ஆவும்."

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருந்தவரிடம் பேனா கேட்டு வாங்கினார். பிறகு, "வண்டி நம்பர் சொல்லு" என்றார்.

கடலூர் தாண்டுவதற்குள் காரை மடக்கினார்கள். அன்று மாலையே பத்திரிகையாளர்கள் முன்னால் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து நின்று பேசினார். "குஞ்சிதபாதம் உயிரோடு இருக்கிறார் என்ற கோணத்தையும் நாங்கள் ஆரம்பத்திலிருந்தே மனதில் வைத்திருந்தோம். இந்தக் குடும்பத்தைக் கைது செய்ததே உண்மையான குற்றவாளிகள் அசட்டையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்."

வழக்கு என்று ஒன்று போட்டாயிற்று. அதற்கு ஆள் வேண்டும். இத்தனை மாதமாகக் குஞ்சிதபாதத்தை யார் ஒளித்து வைத்திருந்தார்கள்? காருக்குள் அவரோடு மூன்று பேர் இருந்தார்கள். அவர் செத்துவிட்டதாக ஊரை நம்ப வைக்க எட்டு எபிசோடு எடுத்திருக்கிறார்கள். "இதவிட மோட்டிவ் வேணுமா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, இந்த முறை யாராலும் அவரை மறுத்துப் பேச முடியவில்லை.

குஞ்சிதபாதமாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தார். ஜன்னல் வழியாக ஸ்டேஷன் வாசல் தெரிந்தது. அங்கே வடலூர்க்காரியும் பண்ருட்டிக்காரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இத்தினி நாளா எங்க இருந்த? கடத்திட்டாங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமாங்க. கடத்திட்டாங்க" என்றார் குஞ்சிதபாதம்.

அன்புக்கரசியையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். மணமகள் அறையில் இயக்குநர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். ஒரு சொல் மாற்றாமல் சொன்னாள். "எட்டாவது எபிசோடு வரைக்கும் நீங்க செத்தவரு, எங்க கையில பத்திரமா இருப்பீங்கன்னாருங்க." எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "அப்புறம்?" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்புறம் கார்ல ஏத்தினாங்க." திருப்பூரிலிருந்து வந்த போனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கோர்ட்டில் குஞ்சிதபாதத்தை நேரில் பார்த்த பிறகு செங்குட்டுவன் குடும்பத்தார் மூன்று பேரையும் வழக்கிலிருந்து விடுவித்தார்கள். செங்குட்டுவன் மறுபடி முதல் ஷிப்ட்டுக்குப் போனார். இசைப்பிரியாவைக் கல்லூரியில், "நாங்க அப்பவே நெனச்சோம்" என்று வரவேற்றார்கள். ராமசாமி, பிரவின்குமார், தமிழ்நிலா மூவரையும் ரிமாண்டில் வைத்தார்கள். முதல் குற்றவாளி யார் என்பதில் அவர்களுக்குள்ளேயே தகராறு என்று சங்கீதா சொன்னபோது, அன்புக்கரசி மீன் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வாசலில் டாக்சி வந்து நின்றது. பிரவின்குமாரின் அம்மா. கூடவே பிரவின்குமாரின் மனைவி, கண் வீங்கிப்போய். சென்னையிலிருந்து அலைந்து வந்திருந்தார்கள். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் யாரும் பேசுவதில்லையாம். லிஃப்ட்டில் இவர்கள் ஏறினால் மற்றவர்கள் இறங்கிவிடுகிறார்களாம்.

"எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லம்மா" என்றாள் அந்த அம்மா.

அன்புக்கரசி அவர்களை மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து, காபி போட்டுக் கொடுத்தாள். அந்த அம்மா குடிக்க மறந்து மகனைப் பற்றியே பேசியதில் காபி புடவையில் சிந்தியது. ஈரத் துணி எடுத்து வந்து துடைத்துவிட்டாள். அந்தத் தவிப்பு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்னு எங்க வக்கீல் சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவன் வெளிய வந்துடுவான்."

"சொல்றேம்மா. கோர்ட்டுக்கே வந்து சொல்றேன்" என்றாள் அன்புக்கரசி. "திங்கக்கிழமை வர்றேன்."

அந்த அம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டாக்சி பிளாக் முனை திரும்பும் வரை அன்புக்கரசி வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்தபோது இசைப்பிரியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நாளைக்கு வெள்ளிக்கிழமதான். கோர்ட்டு இருக்குமே. நாளைக்கே போய்ச் சொல்லிடலாம்ல?"

"நாளைக்கு எனக்கு வேல இருக்குடி."

"இன்னா வேல?"

அன்புக்கரசி பாயை உதறி விரித்தாள். மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். காலை நீட்டிப் படுத்து, புடவைத் தலைப்பை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தூங்கணும்" என்றாள்.